நல்ல பாதி

ஆம்பூரை விட்டுப் பேரணாம்பட்டுச் சாலையில் திரும்பினால், மூடிக் கிடக்கும் ஒரு தோல் ஆலையின் மதில் வரும். மதில் முடிகிற இடத்தில், வேப்பமரங்களுக்குப் பின்னால், ஆலையின் மேலாளர்கள் ஒரு காலத்தில் குடியிருந்த வீடு இருந்தது. ஆலை நின்றபின் வீடும் பூட்டியே கிடந்தது. பூட்டிய வீடு பாழாகிவிடும் என்று கவலைப்பட்ட உரிமையாளர் வாஹித் பாஷா, நம்பகமான ஒரு குடும்பம் வந்து கூட்டிப் பெருக்கி இருந்தால் போதும் என்றார். ஏசுராஜின் குடும்பம் அப்படித்தான் அங்கே வந்து சேர்ந்தது.

ஏசுராஜ் ஒரு ஷூ கம்பெனியில் பஸ் ஓட்டினான். விடியற்காலையில் மாதனூர்ப் பக்கத்து ஊர்களில் நின்று நின்று பெண்களை ஏற்றிவந்து கம்பெனி வாசலில் இறக்குவது அவன் வேலை. அவன் மனைவி கிரேஸி அதே கம்பெனியில் கட்டிங் பிரிவின் சூப்பர்வைசர். அவனுடைய தந்தை தேவசகாயம், வேலூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளி ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்திப் பேசியறியாதவர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் கெசியா அவர்களுடைய ஒரே மகள். இனிப் பிள்ளை இல்லை என்று ஊரும் உறவும் சொல்லி ஓய்ந்தபின் பிறந்தவள். அவள் இரண்டு முறை தும்மினால் கிரேஸிக்கு அன்று கம்பெனியில் கை ஓடாது.

சாமான்களை இறக்கிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

ஒரு முழு எருமைத் தோலைச் சுவரில் பித்தளை ஆணிகளால் அறைந்து, அதன்மேல் வரைந்திருந்தார்கள். இடப்பக்கம் வெள்ளைப் படை. சிறகு முளைத்த குதிரைகள், மனித முகம் கொண்ட சிங்கங்கள், ஒளி வீசும் கவசங்கள். வலப்பக்கம் கரிய படை. கொம்புகளும் செதில்களும் நகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. நடுவில் வெள்ளைப் படையின் தலைவன் குதிரையிலிருந்து குனிந்து, ஆட்டுக்கடாத் தலைகொண்ட ஒரு பெரும் மிருகத்தின் தொண்டைக்குழியில் ஈட்டியை இறக்கியிருந்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. குழந்தைக்கு ஊசி போடும் நர்ஸின் முகத்தில் இருக்குமே, அப்படி ஒரு கனிவு இருந்தது.

"மிக்கேல் தூதன் போல கீறாரு," என்றார் தேவசகாயம்.

"பைபிள்ல குதிரைக்கு ரெக்க ஏது மாமா?" என்றாள் கிரேஸி.

"வரைஞ்சவன் நம்மள மாதிரி சர்ச்சுக்கு லேட்டா போறவனா இருந்திருப்பான்."

வாஹித் பாஷா சிரிக்கவில்லை. "வீட்ல எத வேணா மாத்திக்கோங்க. இத மட்டும் எறக்காதீங்க."

"யார் சார் வரைஞ்சது?"

"டேனரிய எங்க அப்பா வாங்கறப்பவே இங்க இருந்துச்சு. தோலுக்கு நெறம் ஏத்தற ஃபினிஷிங் மாஸ்டர் ஒருத்தர் வரைஞ்சார்னு சொல்வாங்க. நாங்க உருவம் போட்ட படம் வீட்ல மாட்ட மாட்டோம். ஆனா இத எறக்க எங்க அப்பாவுக்கு மனசு வரல." அவர் சாவியை ஏசுராஜின் கையில் வைத்தார். "மனசு வரலியா, தைரியம் வரலியா, நான் கேட்டதில்ல."

கெசியா அன்றைக்கே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தாள்.

நாள் செல்லச் செல்ல அவள் கூடத்தைக் கடப்பதையே விட்டாள். கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து சமையலறைக்குள் நுழைவாள். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கன்னம் வற்றியது. எதைக் கண்டு பயப்படுகிறாள் என்று கேட்டபோது, அவள் கரிய படையின் பக்கம் விரலை நீட்டினாள்.

"அது என்னப் பாத்து அழுவுதும்மா."

"அது பேய்டா கண்ணு. பேய் அழாது."

"அழுவுது."

குழந்தை சொன்னதைக் கிரேஸி கேட்டாள். ஆனால் தனக்குத் தெரிந்த விதத்தில் மட்டுமே கேட்டாள். கட்டிங் பிரிவில் ஒரு தோலை மேசைமேல் விரித்தால், அவள் கண் முதலில் கெட்ட இடத்தைத்தான் தேடும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு, சூடு போட்ட வடு. அவற்றைச் சுற்றி வட்டமிட்டு ஒதுக்கிவிட்டு, நல்ல இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். ஒதுக்கியது கழிவு. கழிவு என்று ஆனதைப் பற்றி அந்தப் பிரிவில் யாரும் மறுபடி நினைப்பதில்லை.

இதுவும் தோல்தான். இதில் ஒரு பாதி நல்லது. ஒரு பாதி கெட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஏசுராஜ் தந்தையையும் மகளையும் அழைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, கிரேஸி ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வாஹித் பாஷா இறக்கக்கூடாது என்றுதான் சொன்னார், இறக்கப் போவதில்லை. கம்பெனிக் கத்தி கூர்மையாக இருந்தது. இரண்டு படைகளும் முட்டிக்கொள்ளும் எல்லையை ஒட்டி மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு வந்தாள். பதனிட்ட தோல் காய்ந்து விறைத்திருக்கும் என்று எதிர்பார்த்தாள். உள்ளே ஈரமாக இருந்தது. சுண்ணாம்புத் தொட்டிக்குப் போகாத பச்சைத் தோலின் வாடை, உப்பும் இரத்தமும் கலந்த வாடை, மெல்ல எழுந்து கூடத்தில் பரவியது.

ஈட்டி வந்த இடத்தில் கை நின்றது. ஈட்டியின் தண்டு நல்லவன் கையில். முனை மிருகத்தின் தொண்டைக்குள். ஒரு கணம் யோசித்துவிட்டு, குறுக்கே வெட்டினாள். கத்தி எலும்பில் மாட்டியதுபோல் ஒருமுறை சிக்கி, பின் விட்டது.

கரிய பாதி தரையில் விழுந்தது. நனைந்த கம்பளி விழும் ஓசை.

அதைச் சுருட்டிச் சாக்கில் கட்டி, மறுநாள் கம்பெனியின் கழிவு வண்டியில் போட்டுவிட்டாள். அது எங்கோ ஒரு சூளையில் எரிந்து போயிற்று. படம் இருந்த சுவரின் வலப்பக்கத்தில் வெளிறிய ஒரு வெற்றிடம் மிஞ்சியது. அன்றைக்கே கெசியா கூடத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டாள். ஏசுராஜ் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தான். "சூப்பர்வைசர்னா சும்மாவா."

ஆலைக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகளில் குடியிருந்த நசீமுன்னிசா, கறிவேப்பிலை பறிக்க வந்தாள். அந்த வீட்டைப் பல காலம் பெருக்கித் துடைத்தவள். திறந்திருந்த வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தவள், படியில் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள்.

"இன்னொரு பக்கம் எங்கம்மா?"

"வெட்டிட்டேன் பாயம்மா. புள்ளைக்கு பயமா இருந்துச்சு."

"இத ஏன் உட்ட?"

"இது நல்லதுதானே?"

நசீமுன்னிசா குரலைத் தாழ்த்தினாள். "குத்தறது இதுதானேம்மா. அது வாங்கிக்கினு இருந்துச்சு. அது இருந்த வரைக்கும் இதுக்கு ஒரு வேல இருந்துச்சு."

"இன்னா பாயம்மா, காலங்காத்தால பேஜார் பண்றீங்க."

"அந்தச் செவுத்தாண்ட யாரையும் உக்கார வெக்காத." கறிவேப்பிலையைப் பறிக்காமலே அவள் திரும்பிச் சென்றாள்.

கிரேஸி அதைக் கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். கூடத்தில் காற்று நன்றாக வரும் இடம் அந்த வெற்றுச் சுவரின் அடிதான். தேவசகாயத்தின் கட்டில் அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

முதலில் வாடைதான். கிழவரிடமிருந்து பச்சைத் தோல் வாடை வந்தது. குளித்தாலும் போகவில்லை. பிறகு அவர் சாப்பிடும் சத்தம் எல்லோருக்கும் கேட்கத் தொடங்கியது. அத்தனை காலமும் அவர் அப்படித்தான் மென்றார். இப்போது அது காதில் ஏறியது. தொண்டை வலிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றார். வேலூருக்கு அழைத்துச் சென்று காட்டினார்கள். குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார்.

"நடிக்கிறாரு," என்றான் ஏசுராஜ், பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே.

தந்தையைத் தினமும் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துச் செல்பவன் அவன். அதை நிறுத்தினான். கிரேஸி அவருடைய போர்வையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஏன் பூட்டினாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திராது. அவர் குளிரில் ஒடுங்குவதைப் பார்த்தபோது சரியான ஒன்று நடப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். கெசியா அவரைத் தாத்தா என்று கூப்பிடுவதை விட்டாள்.

"அது முழிச்சிக்கினு இருக்குதும்மா," என்பாள்.

யாரும் அவளைத் திருத்தவில்லை.

ஒரு நாள் கிரேஸி கூடத்தைப் பெருக்கும்போது அவர் அவளுடைய புடவை நுனியைப் பிடித்தார். குரல் கரகரத்து, ஏதோ விலங்கின் குரல்போல் வந்தது.

"யாரோ கழுத்துல வெச்சி அழுத்தறாங்கம்மா."

"சும்மா படுங்க."

"நான் இன்னா பண்ணேன், கிரேஸி?"

அவள் புடவையை உருவிக்கொண்டாள். அவர் நெற்றியின் இரு பக்கமும் எலும்பு துருத்தியிருந்தது. அது கொம்பு விடுமுன் கிடாக்குட்டியின் நெற்றி இருப்பதுபோல் அவளுக்குப் பட்டது. அவருக்கு எப்போதுமே அப்படிப்பட்ட நெற்றிதான் என்பது நினைவுக்கு வரவில்லை.

அவர் ஒரு ஞாயிறு மதியம் இறந்தார். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் அவர் கையை உயர்த்தித் தண்ணீர் கேட்டார். செம்பு ஏசுராஜின் பக்கத்தில் இருந்தது. அவன் அதை எடுத்துத் தன் தட்டின் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டான். கட்டில் கால்கள் தரையில் தட்டிய சத்தம் சிறிது நேரம் கேட்டது, பின் கேட்கவில்லை.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் கெசியா.

ஏசுராஜ் எட்டிப் பார்த்தான். "முடிஞ்சிடுச்சி." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான்.

அவர்கள் நிறைவாகச் சாப்பிட்டார்கள். பண்டிகை நாளில் சாப்பிடுவதுபோல.

உடலைக் கழுவும்போது தொண்டைக்குழியில் ஒரு துளை இருந்தது. வட்டமாக, சுத்தமாக, தோலில் துளைபோடும் கருவியை வைத்து அடித்ததுபோல். இரத்தம் இல்லை. ஏசுராஜ் சட்டைக் காலரை மேலே இழுத்துப் பொத்தானைப் போட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் மண் விழத் தொடங்கியபோதுதான் கிரேஸிக்குள் ஏதோ விலகியது. கெசியா பிறந்த அன்று, பிரசவ வார்டு வாசலில், தான் தள்ள வேண்டிய ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுத மனிதர் அவர். அது திடீரென்று நினைவுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஏசுராஜ் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதான். மாமனார்மேலும் தந்தைமேலும் எவ்வளவு பாசம் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீடு திரும்பியதும் அழுகை நின்றது. களைப்பு என்று நினைத்தார்கள்.

கட்டிலை எடுத்த இடத்தில் கெசியாவின் மேசையைப் போட்டது யார் என்று கிரேஸிக்குப் பின்னால் ஞாபகம் வரவே இல்லை.

அவள் குழந்தைக்குத் தலை பின்னும்போது முடியிலிருந்து அந்த வாடை வந்தது. சீப்பை வேண்டுமென்றே அழுத்தி இழுத்தாள். கெசியா முனகினாள். மறுபடி இழுத்தாள். முனகல் பிடித்திருந்தது.

"தொண்ட வலிக்குதும்மா."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு."

சோற்றைக் கம்மியாக வைத்தாள். குழந்தை கேட்கவில்லை, கேட்காமல் இருப்பதும் ஒரு தந்திரம் என்று தோன்றியது. பார்வையில் கள்ளத்தனம் இருந்தது. பல் கூராக வளர்கிறதோ என்று பார்த்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஃபோன் செய்து, பிள்ளை விழுங்கவே முடியாமல் கஷ்டப்படுகிறாள், காட்டினீர்களா என்று கேட்டாள். வெளியாளின் அக்கறை கிரேஸிக்கு எரிச்சலாக இருந்தது. என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று மகளின் முகவாயைப் பற்றி வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

தொண்டைக்குழியில் சிவப்பாக ஒரு வட்டம்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உள்ளுக்குள் ஒன்று, விடு, முடியட்டும் என்றது. அது வெறுப்போடு சொல்லவில்லை. மிக அமைதியாக, நியாயமாகச் சொன்னது. அந்த நியாயத்துக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். அது தானே என்று கண்டுகொள்ளக் கிரேஸிக்குச் சிறிது நேரம் பிடித்தது.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

வெட்டிய விளிம்போடு முடிந்திருந்த ஈட்டிக்கு இப்போது முனை இருந்தது. முழுதாக, கூராக, விளிம்புக்கு உள்ளே. முனை மறுபாதியோடு சாக்கில் போயிற்று. அவள்தான் வெட்டினாள், அவள்தான் கட்டினாள்.

தலைவனின் கை மடங்கியிருந்தது. ஓங்கிக் குத்துமுன் கையைப் பின்னுக்கு இழுப்பார்களே, அப்படி.

கிரேஸி குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். அந்த வாடை முகத்தில் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஏசுராஜ் வாசற்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"இத எங்க கூட்டினு போற?"

இத.

அந்தக் குழந்தை நடை பழகும்வரை அவன் தோளைவிட்டு இறங்கியதில்லை.

"கடைக்குத்தான்."

"வெச்சிட்டுப் போ. கொஞ்சந்தான் பாக்கி." அவன் தலை நிமிரவில்லை. பிரஷ் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நிற்கவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் ஜோலார்பேட்டைக்குப் போனாள். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் தங்கை பிரிசில்லா இருந்தாள். வாணியம்பாடி தாண்டியதும் கெசியா ஜன்னல் பக்கம் நகர்ந்து, சமோசா கேட்டாள். விழுங்கினாள். இன்னொன்று கேட்டாள். கிரேஸி அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி, இறங்கும்வரை அழுதாள்.

மறுநாள் மதியம் ஏசுராஜின் ஃபோன் வந்தது. பேச்சு உடைந்து உடைந்து வந்தது.

"நேத்து நான் இன்னா சொன்னேன் கிரேஸி? பஸ் ஏறி ஊர் தாண்டனதுக்கு அப்பறந்தான் எனக்கு ஒறச்சுது. என் புள்ளைய நான்... புள்ள எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது. சாப்புட்டுது. வெளாடுது."

"வீட்டுக்குள்ள நான் போவல. நசீமுன்னிசா பாயம்மா ஆளுங்கள கூட்டியாந்தாங்க. ஆணிய நெம்பி எறக்கி வெளிய போட்டாங்க. எரிச்சிடலாம்னு பாத்தா..."

"எரிச்சிடுங்க. யோசிக்காதீங்க."

"கேளு." அவன் குரல் கிசுகிசுப்பாயிற்று. "ஈட்டி இல்ல."

"இன்னா?"

"அவன் கையில ஈட்டி இல்ல கிரேஸி. வெறுங்கை. எதையோ குடுத்துட்டவன் மாதிரி கைய நீட்டிக்கினு கீறான்."

இணைப்பு விட்டுவிட்டு வந்து அறுந்தது. கிரேஸி ஃபோனைக் கீழே வைத்தாள். இடக்கையால் வைத்தாள். ஃபோனை இடக்கையால் எடுத்ததும், காலையில் காப்பியை இடக்கையால் குடித்ததும் அப்போதுதான் அவள் கவனத்துக்கு வந்தன.

வலக்கை மடியில் கிடந்தது. மூடியிருந்தது.

விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. உள்ளங்கைக்குள் ஒன்றுமில்லை, ஆனால் விரல்கள் நகம் பதிய மூடவில்லை. நடுவே, ஒரு தடி நுழையும் அளவுக்கு, இடம் விட்டிருந்தன.

சமையலறையில் பிரிசில்லா கரண்டியைத் தட்டும் சத்தம் கேட்டது. வெளியே கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கெசியா சோற்றுக் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி, சிந்தாமல் நடந்து வந்தாள்.

அவளோடு அந்த வாடையும் வந்தது.

"ஊட்டி வுடும்மா. சித்தி கையில வாணாம்."

போ, என்று சொல்ல வாயைத் திறந்தாள் கிரேஸி. சித்தியிடம் போ. ஓடு. கதவைச் சாத்திக்கொள்.

"கிட்ட வா கண்ணு," என்றாள்.

முழங்கை மெதுவாகப் பின்னுக்குச் சென்றது. அவள் அதைச் செலுத்தவில்லை.

கெசியா அவள் மடியில் கிண்ணத்தை வைத்துவிட்டு, கண்ணை மூடி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தாள்.